ஒன்றரைச் சாண்

வெள்ளிக்கிழமை வரும் என்றுதான் பேச்சு.
புதன் காலை பத்துமணிக்கே
ஒட்டுசுட்டானிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கின
மிளகாய்க் கன்றுகள்,
ஈரச்சாக்குக்குள் ஆயிரத்து இருநூறு,
ஐம்பது ஐம்பதாய் வாழைநார்க் கட்டு.
"இண்டைக்கு வைக்காட்டி வாடிப்போம் அக்கா."
காசை இருதரம் எண்ணிக்கொண்டு
போய்விட்டான் தவறணைக்காரன்.

என் தோட்டமோ
இன்னும் பாதிதான் தோட்டம்.
மீதி, மாரி அடித்து இறுக்கிவிட்டுப் போன செம்மண்.
லான்ட்மாஸ்ரர் ஒருதரம் புரட்டிய கட்டிகள்
மாசி வெயிலில் காய்ந்து
பனங்கொட்டைகளாய்க் கிடந்தன.
மண்வெட்டியின் முதுகால் அடித்தால் உடையும்.
உடைவதற்கு முன்
தோள்மூட்டு வரைக்கும் ஒருதரம் உலுக்கும்.

அடித்தேன்.
கோரைக்கிழங்கு ஒன்றை இழுத்தால் ஒன்பது வந்தது.
பத்தாவது எங்கோ அறுந்து உள்ளே நின்றுவிட்டது.
அது பங்குனிக்குள் வந்து
பங்கு கேட்கும்.

எருக் கடகம் தலையில் ஏற
வியர்வையோடு கரைந்து
காதுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கோடு வழிந்தது.
முப்பத்தாறு கடகம்.
எண்ணிக்கொண்டே சுமந்தேன்,
எண்ணாவிட்டால் இடுப்பு நம்பாது.

மத்தியானம் உள்ளங்கைக் கொப்புளம் உடைந்தது.
பழைய சட்டைக் கையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு
பாத்தி கட்டினேன்.
நேராக வரவில்லை.
தண்ணிக்கு நேர் எதற்கு,
சரிவு போதும்.

மூன்று மணிக்கு மோட்டர் இருமி நின்றது.
பிளக்கைக் கழற்றினேன், துடைத்தேன், ஊதினேன்,
அதைச் செய்தவனின் பரம்பரையை விசாரித்தேன்.
பதினேழாவது இழுவைக்குப் பிடித்தது.
முத்தையன்கட்டுத் தண்ணி
குழாயால் கக்கிக் கக்கி வந்து
முதல் பாத்திக்குள் நுழைய,
கட்டிகளுக்குள்ளிருந்து குமிழிகள்,
குமிழிகளோடு எங்கிருந்தோ
ஒரு கொக்கு.

பொழுதுபட்டபின் குந்தினேன்.
விரலால் குழி, கன்று, பெருவிரலால் அமத்தல்,
பிறகு ஒன்றரைச் சாண் அளந்து
அடுத்த குழி.
முன்னூறு வைத்தபோது இருட்டிவிட்டது.

வேலி சலசலத்தது.
பவளராணி.
மூன்று பூவரசங் கதியாலை நான் தள்ளி நட்டேன் என்று
போன ஆவணியிலிருந்து என்னோடு பேச்சில்லாதவள்.
கக்கத்தில் ரோச்,
கையில் கூராக்கிய தடி.
ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு கட்டைப் பிரித்துக்கொண்டு
நான் இருந்த பாத்தியின் மறுதலைப்பில் குந்திவிட்டாள்.

இரண்டு முனையிலிருந்தும் நெருங்கினோம்,
நடுவில் முட்டும்போது
ஆளுக்கொரு பக்கம் எழும்பி
அடுத்த பாத்திக்குப் போனோம்.
நுளம்பை அடிக்கக்கூடக் கை ஒழியவில்லை.

காட்டுப்பக்கம் ஒரு வெடி.
குந்திய நிலையிலேயே இருவரும் உறைந்தோம்.
ரோச்சை அவள் அணைத்ததும்
நான் மண்ணோடு மண்ணாய்த் தாழ்ந்ததும்
ஒரே நேரத்தில்.
பிறகு தகரம் தட்டும் சத்தம், கூக்குரல்.
யானைவெடி.
ரோச் திரும்பவும் எரிந்தது.
அடுத்த குழி.

பத்துமணிபோல முடிந்தது.
நாற்பது கன்றளவில் மிச்சம்.
மடியில் கட்டிக்கொண்டாள்,
தரட்டுமா என்று நான் கேட்கவுமில்லை.
வேலிப் பொட்டுக்குள் ஒரு கால் வைத்தபின்
திரும்பினாள்.
"உன்ர சாண் பெரிசு."
ஆவணிக்குப் பிறகு அதுதான் முதல் வசனம்.

விடியப் பார்த்தேன்,
சித்தாலேப மணக்கிற முதுகை வேலியில் சாய்த்து.
ஆயிரத்துச் சொச்சம் கன்றும்
தலையைத் தொங்கப்போட்டபடி.
அதற்குப் பயமில்லை, மூன்று நாளில் நிமிரும்.
என் பக்கம் ஐதாக,
அவள் பக்கம் நெருக்கமாக,
பாத்திக்குப் பாத்தி தெரிந்தது
எது யார் கையென்று.
இரண்டு அளவும் முட்டிய இடங்களில்
சோடி சோடியாய்
ஒட்டி நின்றன கன்றுகள்.

ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பிடுங்கவேணும்.
குனியப் பார்த்தேன்,
முதுகு விடவில்லை.
நாளைக்குப் பார்ப்பம்.